வளரும் குடும்பமும் வானூர்தியும்

“அவன் சம்பாதித்தான், அவன் குடும்பம் பெருகிற்று, பெரிய விமானமாகப் பார்த்து வாங்கினான். உமக்கு ஏன் வயிறு எரிகிறது?”

தனியார் விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே படித்தவர்களும் இவ்வாறு கேட்டு வாயடைக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறைகளில் இக்கேள்வி எழுகிறது. பல்கலைக்கழக விடுதிகளில், நாளை இந்நாட்டை நடத்தப்போகும் இளைஞரின் நாவிலும் அது புரள்கிறது. அவர்களுள் பலர் மாதக் கடைசியில் பஸ் கட்டணத்துக்குச் சில்லறை தேடுபவர்கள் என்பதே வேடிக்கை. கோடீசுவரனுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. அவனுக்காக வாதாடுகிற வேலையை வறியவனே ஊதியமின்றிச் செய்துவிடுகிறான்.

இக்கேள்விக்கு விடை கூறாமல் நழுவிவிடலாகாது. வயிற்றெரிச்சல் என்ற சொல்லுக்குள் ஒரு தத்துவமே ஒளிந்திருக்கிறது. செல்வமும் செலவும் தனி மனிதனின் சொந்த விவகாரம், ஊருக்கு அதில் பேச்சில்லை என்பது அத்தத்துவம். அது உண்மைதானா என்று பார்ப்போம்.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் பெருமுதலாளி முகேஷ் அம்பானி 2007ஆம் ஆண்டில் தம் மனைவியின் பிறந்தநாளுக்கு ஏயார்பஸ் ஏ319 ரக விமானமொன்றைப் பரிசளித்தார் என்று உலக ஏடுகள் எழுதின. விமானக் கம்பனிகள் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் அது. பதினேழு ஆண்டுகள் கழிந்தன. பிள்ளைகள் மூவருக்கும் மணமாயிற்று. மருமக்கள் வந்தனர், பேரக்குழந்தைகள் பிறந்தனர். 2024ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் எல்லையிலுள்ள பாசல் விமான நிலையத்தில் உட்புற அலங்காரங்கள் முடிந்து, போயிங் 737 மாக்ஸ் 9 ரக விமானமொன்று அக்குடும்பத்துக்காக டில்லி வந்திறங்கிற்று. விலை ஆயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. பழைய விமானத்தின் நீளம் ஏறத்தாழ 34 மீற்றர். புதியதன் நீளம் 42 மீற்றர். அதாவது, நம்மூர்ப் பாடசாலையின் ஒரு வகுப்பறை நீளத்துக்குச் சற்று மேலாக இடவசதி கூடியிருக்கிறது. இருநூறு பேர் வரை அமரக்கூடிய வயிறு அதற்கு. அதில் ஒரு குடும்பம் பறக்கிறது.

குடும்பம் பெருகினால் இடம் பெருகவேண்டும். நியாயமான பேச்சுத்தான்! இந்த நியாயத்தை மருதமுனைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கிழக்கே கடல், மேற்கே வயல். இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடலில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஊர் நம்முடையது. இங்கும் குடும்பங்கள் பெருகுகின்றன. பெண் பிறந்தால் அவளுக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது நம் கரையோரத்தின் எழுதாச் சட்டம். மூத்தவளுக்குக் கலியாணம் பேசியதும், வாப்பாவும் உம்மாவும் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் குசினியோடு ஒண்டிக்கொள்கிறார்கள். இரண்டாமவளுக்கு அந்த வளவில் பாதி. மூன்றாமவளுக்கு அந்தப் பாதியில் பாதி. ஐந்து பேர்ச் துண்டொன்றில் இரண்டு வீடுகளின் சுவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். குழந்தை விளையாட முற்றமில்லை. மையித்தை வெளியே எடுக்க வேண்டுமானால் அயலானின் வேலியைப் பிரிக்க வேண்டும். அங்கே குடும்பம் பெருகப் பெருக விமானம் நீள்கிறது. இங்கே குடும்பம் பெருகப் பெருக வளவு சுருங்குகிறது. பாசல் நகரில் அலங்காரம் செய்யப்பட்ட அந்தக் கூடத்தின் தரைப்பரப்பில் மருதமுனையில் எத்தனை ‘சீதன வீடு’ கட்டலாம் என்று கணித ஆசிரியர்கள் வேண்டுமானால் மாணவருக்குக் கணக்குக் கொடுக்கலாம்.

வாகனத்தின் கதையும் இதுதான். மோட்டார் சைக்கிளில் வாப்பா, அவர் முன்னால் எண்ணெய்த் தாங்கியின் மேல் மகன், பின்னால் உம்மா, அவள் மடியில் கைக்குழந்தை. கல்முனைச் சந்தியில் இக்காட்சியைக் காணாதவர் உண்டா? நான்காவது பிள்ளை பிறந்தால் ஆட்டோ. அதற்கு மேலானால் வாடகை வேன். இந்நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனைக்கு மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தபோது, வரியோடு சேர்த்து ஒரு சின்னஞ்சிறு காரின் விலை ஓர் ஆசிரியரின் சேவைக்காலச் சேமிப்பையே விழுங்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது.

இது ஏற்றத்தாழ்வு, உலகில் எங்கும் உள்ளதுதானே என்று சிலர் பெருமூச்சோடு விட்டுவிடுவர். ஆனால் இங்கே ஏற்றத்தாழ்வினும் கொடியதொன்று இருக்கிறது. குடும்பம் பெருகுவதை அளக்க இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்.

செல்வந்தனின் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்தால் அது செய்தி, வாழ்த்து, வாணவேடிக்கை. நெசவாளியின் வீட்டில், மீனவனின் வீட்டில் பிள்ளை பிறந்தால் அது ‘சனத்தொகைப் பிரச்சினை’. பிறப்பவன் முஸ்லிமாகவும் இருந்துவிட்டால் அது தேசத்துக்கே அச்சுறுத்தல்! 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை மறந்துவிட்டோமா? முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், உணவினுள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற புரளியைக் கிளப்பிக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அந்த ‘மாத்திரை’ வெறும் மாவுக் கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறிற்று. உண்பவரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? ‘இவர்கள் பெருகுகிறார்கள், நம்மைக் குறைக்கிறார்கள்’ என்ற நச்சு விதை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் மீது அதே வகைப் பழியைச் சுமத்திச் சிறையிலிட்டார்கள்.

கவனியுங்கள்: பூமியின் வளத்தைத் தின்பது யார் என்ற கேள்விக்கு, தொட்டிலில் கிடக்கும் ஏழைக் குழந்தையைச் சுட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து பேருக்காக இருநூறு பேரின் விமானத்தைப் பறக்கவிடுபவனை எவரும் சுட்டுவதில்லை.

சுட்டத்தான் வேண்டும். கணக்கோடு சுட்டலாம். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் கொஸ்லிங் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 2024 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உலகிலுள்ள ஏறத்தாழ 26,000 தனியார் விமானங்களின் பறப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு அது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அவ்விமானங்கள் 156 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டை வெளியிட்டிருக்கின்றன. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நம் இலங்கை முழுவதும், அதன் மின்நிலையங்களும் லொறிகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்து, ஓராண்டில் வெளிவிடுவதோடு ஒப்பிடத்தக்க அளவு அது. 2019க்கும் 2023க்கும் இடையே இந்தப் புகை 46 வீதம் கூடியிருக்கிறது. ‘அவசரம், தொலைதூரம், வேறு வழியில்லை’ என்று வக்காலத்து வாங்குவோருக்கு இன்னொரு செய்தியும் அதிலுண்டு. அப்பறப்புகளில் ஏறத்தாழப் பாதி 500 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்துக்கானவை. நம்மவர் கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் குந்திக்கொண்டு போகும் தூரந்தான்.

இனி, ‘அவன் சம்பாதித்தான்’ என்ற வாதத்துக்கு வருவோம்.

அம்பானி குடும்பத்தின் மூலவர் திருபாய் அம்பானி, குஜராத்தின் சோர்வாட் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். ஏடன் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்து 1958இல் தாயகம் திரும்பியவர். அவருடைய சாமர்த்தியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சாமர்த்தியம் எதில் விளைந்தது? செயற்கை நூலில். அரசு வழங்கிய இறக்குமதி அனுமதிப்பத்திரங்களின் துணையோடு நைலோன், பொலியெஸ்டர் நூல் வாணிபத்தில் விளைந்தது. 1966இல் அகமதாபாத்துக்கு அருகே நரோடாவில் துணி ஆலை எழுந்தது. நூலுக்குப் பின் அதற்கான இரசாயனம், இரசாயனத்துக்குப் பின் எண்ணெய், எண்ணெய்க்குப் பின் ஜாம்நகரில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை. அத்தனையின் உச்சியிலும் அந்த 42 மீற்றர் விமானம்.

நூல் என்றதும் மருதமுனைக்காரனின் காது நிமிரும். நாமும் நூலால் வாழ்ந்த ஊரார்தாம். விடியற்காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும் ஊராக இருந்தது இது. ஆண்கள் பாவு போட, பெண்களும் சிறுமியரும் நூல் சுற்ற, நாடா இங்குமங்கும் ஓடச் சாரனும் சேலையும் பிறந்தன. மருதமுனைத் துணி என்றால் நாடெங்கும் மதிப்பு இருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கைத்தறிக்கு ஒரு செழிப்பும் வந்தது. அக்காலத்துப் பஞ்சத்தையும் பாண் வரிசையையும் நாம் மறைக்கவில்லை. தறி ஓடிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. 1977இல் ஆட்சி மாறிற்று. ‘திறந்த பொருளாதாரம்’ வந்தது. கப்பல் கப்பலாக ஆலைத்துணி, அதிலும் மலிவான பொலியெஸ்டர் துணி வந்திறங்கிற்று. கைத்தறி அதனோடு எப்படிப் போட்டியிடும்? தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நெசவாளி கடலுக்குப் போனான், கொத்து வேலைக்குப் போனான், வளைகுடாவுக்குப் போனான். அத்துணிகளை நெய்தது எந்த முதலாளியின் ஆலை என்பதல்ல இங்கே வழக்கு. ஓரிடத்தில் தறி ஓய்ந்ததும் மற்றோரிடத்தில் மூலதனம் மலைபோற் குவிந்ததும் தனித்தனி அதிசயங்கள் அல்ல. ஒரே பொருளாதாரத்தின் இடக்கையும் வலக்கையும் செய்த வேலைகள். ‘அவன் உழைத்தான்’ என்கிறீர்கள். இராப்பகலாகக் குழிக்குள் கால் தொங்க உட்கார்ந்து நெய்தவன் என்ன, உறங்கினானா?

திறந்த பொருளாதாரத்தின் முதற் கனிகளை நம் தீவிலேயே சுவைத்தவர்களும் இருந்தனர். அவர்களுள் உபாலி விஜேவர்தன முக்கியமானவர். இனிப்புப் பண்டத்தில் தொடங்கி மோட்டார், பத்திரிகை என்று விரிந்தவர். 1978இல் தொடங்கிய கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழுவின் தலைமை நிருவாகியாய், கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தை நடத்தியவர். ‘லியர் ஜெற்’ விமானத்தைச் சொந்தமாக வைத்திருந்தார். 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவ்விமானம், மலாக்கா நீரிணைக்கு மேலே, அவரோடும் உடன் சென்றவர்களோடும் காணாமற் போயிற்று. மனித உயிர்களின் இழப்புக்காக நாம் வருந்துகிறோம். அவ்வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில், நின்ற நிலையில் தைத்துக் கண்கெட்ட பெண்களின் பெயரை எந்த ஏடும் நினைவுகூர்வதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுவோம்.

‘தனியார்’ விமானம் என்ற பெயரே ஒரு பொய். அது நிற்கும் ஓடுபாதை பொதுப்பணத்தில் போட்டது. அதற்கு வழிகாட்டும் வானிலைக் கூடமும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பொதுவானவை. வானமும் பொது, வானில் அது விட்டுச்செல்லும் புகையும், ஐயமென்ன, பொதுவுடைமையே! 2024 மார்ச்சில் அதே குடும்பத்தின் திருமண முன்விழா ஜாம்நகரில் நடந்தபோது, விமானப்படைக்குரிய அவ்வூரின் சிறு விமான நிலையம் பத்து நாட்களுக்குச் ‘சர்வதேச விமான நிலையம்’ ஆக்கப்பட்டது. உலகெங்குமிருந்து விருந்தினரின் விமானங்கள் நேராக அங்கே வந்திறங்கச் சுங்கமும் குடிவரவும் மந்திரம் போட்டதுபோல் முளைத்தன. ஒரு தெருவுக்குப் பஸ் கேட்டுப் பத்து ஆண்டு மனுக்கொடுப்பவர்கள் அரசு எவ்வளவு விரைவாக இயங்கவல்லது என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

எண்ணெயும் அப்படித்தான். ஜெற் விமானம் எரிப்பது ஏதோ தேவலோகத்து அமுதமல்ல. அது நன்கு சுத்திகரித்த மண்ணெண்ணெய். நம் கரையில் மீனவனின் தோணி இயந்திரம் குடிக்கும் அதே குலத்து எண்ணெய். 2022 ஓகஸ்டில் அந்த மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. அந்நாட்களில் ‘கியூ.ஆர்.’ அட்டைப்படி ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். ஆட்டோவுக்கு 5 லீற்றர். அதற்கே இரவு பகலாக வரிசை. அம்பானியின் விமானத்தைப் போன்றதொன்று ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ 2,500 லீற்றர் எரிக்கும். நாலு லீற்றர் வீதம் அது ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பங்கீடு! ஒரு குடும்பத்தின் ஒரு மணி நேரம். இன்னொரு குடும்பத்தின் பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்த வரிசைகளுக்குக் காரணமான ஆட்சியின் தலைவர் எப்படிப் போனார் என்பதையும் நாடு கண்டது. 2022 ஜூலை 13ஆம் திகதி அதிகாலையில், கோட்டாபய ராஜபக்ஷ தம் மனைவியோடும் மெய்க்காவலர் இருவரோடும் விமானப்படையின் அன்ரனோவ் விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்தார். மக்கள் பணத்தில் வாங்கிய விமானம் தக்க சமயத்தில் ஒரு குடும்பத்தின் தனி வாகனமாயிற்று. சொந்த விமானம் வாங்க வேண்டிய அவசியங்கூடச் சிலருக்கில்லை.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் விடுவதற்கில்லை. கொழும்பில் கடை வைத்துச் செழித்தவனும் அரசியலில் புகுந்து கொழுத்தவனும் ஊருக்கு வரும்போது, ஒடுங்கிய தெருவில் நுழைய முடியாத வாகனமொன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மாணவர் கூடிநின்று அதன் கண்ணாடியில் முகம் பார்க்கிறார்கள். நாடாளுமன்றத்துக்குப் போனவர்கள் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுப் பல இலட்சத்துக்கு விற்ற கதைகளை எத்தனை ஆண்டுகள் கேட்டோம்! வெள்ளிதோறும் மிம்பரில் வீண்விரயத்தைக் கண்டிக்கிறார்கள். காறூனின் கருவூலம் மண்ணுக்குள் போன கதையைச் சொல்லுகிறார்கள். தொழுகை முடிந்ததும் முன்வரிசையிற் காறூனுக்கே முதற்கைலாகு.

விமானத்தை உண்மையாக அறிந்தவர்களும் நம்மூரில் உண்டு. ஜித்தாவுக்கும் தோஹாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களின் குடும்பமும் வளர்கிறது; வளர்ந்ததனால்தான் போகிறார்கள். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட ஒரு முறை ஏறினால், இரண்டு ஆண்டு கழித்தே இறங்குவார்கள். போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, வரும்போது யாரோ என்று பயந்து உம்மாவின் முந்தானையில் ஒளியும். அவர்களை வழியனுப்பக் கடன்பட்டு ஒரு வேன் பிடித்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இராவிருட்டிற் பயணம் செய்து கட்டுநாயக்கவில் நின்று அழுதுவிட்டு வருகிறது உறவு. ‘குடும்பத்தோடு பறத்தல்’ என்பது அவர்கள் கனவிலும் காணாதது.

அப்படியானால் எல்லோரும் மாட்டுவண்டிக்குத் திரும்ப வேண்டுமா என்று கேலி பேசுவார்கள். வேண்டியதில்லை. வளரும் குடும்பங்களுக்குப் பெரிய வாகனம் வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். எல்லாக் குடும்பங்களுக்கும் போதுமான அளவு பெரிய வாகனம் ஒன்று ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயர் பஸ். இன்னும் பெரிதாக வேண்டுமானால் அதற்குப் பெயர் ரயில்.

இதை இந்நாடு ஒருமுறை உணர்ந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி, பஸ் முதலாளிகளின் கையிலிருந்த சேவைகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. இலாபமில்லாத கிராமத்து வீதிக்கும் பஸ் போகவேண்டும், பள்ளிப்பிள்ளைக்குச் சலுகைச் சீட்டு வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உரிமையாயிற்று. குறைகள் இருந்தன, நட்டம் இருந்தது, நிருவாகச் சீர்கேடும் அரசியல் நியமனங்களும் இருந்தன. அவற்றைத் திருத்துவதற்குப் பதில், 1979இல் தனியார் பஸ்களுக்கு வழிதிறந்து, சபையைத் துண்டு துண்டாக்கிப் பலவீனப்படுத்தினார்கள். இன்று கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய தனியார் பஸ்ஸில் வசதி உண்டு, காசிருப்பவனுக்கு. இரவு எட்டு மணிக்கு மேல் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனைக்குத் திரும்பவேண்டிய மாணவிக்கு என்ன உண்டு?

ரயிலோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர். வழியில் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து நெருங்கி வாழும் ஊர்கள். இக்கரையோரத்துக்குத் தண்டவாளம் வரும் என்று தேர்தல்தோறும் பேசப்படுகிறது. பணமில்லை என்பார்கள். 2013இல் மத்தளையில் காட்டை வெட்டி 209 மில்லியன் டொலருக்கு ஒரு விமான நிலையம் கட்டப் பணமிருந்தது. பெரும்பகுதி சீனக் கடன். ஆட்சியாளனின் குடும்பப் பெயரைச் சூட்டினார்கள். பயணிகள்தாம் வரவில்லை.

செல்வந்தர்களின் பறப்புக்கு வரி விதிப்பது நடவாத காரியமென்றும் சொல்ல முடியாது. பிரான்ஸ் 2025 மார்ச் முதல் தனியார் ஜெற் பயணத்துக்கு, தூரத்தைப் பொறுத்துப் பயணி ஒருவருக்கு 2,100 யூரோ வரை வரி அறவிடுகிறது. அதே ஆண்டு ஜூனில் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய மாநாட்டில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ், சோமாலியா முதலிய நாடுகள், முதல் வகுப்புப் பயணத்துக்கும் தனியார் விமானத்துக்கும் வரி விதித்து அப்பணத்தைக் காலநிலைப் பணிகளுக்குச் செலவிட ஓர் அணியாகச் சேர்ந்தன. சோமாலியா சேரமுடிந்த அணியில் இலங்கை சேர்வதற்கு என்ன தடை? கட்டுநாயக்கவிலும் மத்தளையிலும் இரத்மலானையிலும் இறங்கும் ஒவ்வொரு தனியார் ஜெற்றுக்கும் ஓர் இறங்குவரி விதிக்கட்டும். அப்பணம் திறைசேரியின் இருட்டில் கரைந்து போகாமல், சட்டப்படி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கணக்குக்குப் போகட்டும். கல்முனை டிப்போவுக்கு எத்தனை புதிய பஸ், எந்தெந்த வீதிக்கு, இரவு எத்தனை மணிவரை என்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் ஒரு பட்டியல் எழுதட்டும். முதலில் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனைக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பஸ். அதற்குப் பின் மட்டக்களப்பிலிருந்து அந்த நாற்பது கிலோமீற்றர்.